அத்திக் குச்சியும் விண்பதியமும்: அறிகுறியைப் பார்த்துத் தப்பைக் கண்டுபிடிப்பது

முதல் வருஷம் தை மாதத்தில் 11 அத்திக் குச்சி நட்டேன். இரண்டே வாரத்தில் 10 குச்சி துளிர்த்து, குழந்தை கை விரித்த மாதிரி இலை விட்டது. வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் மொட்டைமாடிக்கு இழுத்துப்போய்க் காட்டினேன். மாசி முடிவதற்குள் அந்த 10 குச்சியும் செத்துவிட்டது. துளிர்க்காத பதினொன்றாவது குச்சியை, இது தேறாது என்று மாடிப்படிக்கு அடியில் ஒதுக்கி வைத்து, தண்ணீர் ஊற்றவும் மறந்துபோயிருந்தேன். இன்று தொட்டியில் ஆளுயரம் நிற்பது அந்த ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நிறையக் குச்சி கொன்றிருக்கிறேன், நிறையப் பிழைக்கவும் வைத்திருக்கிறேன். எது எதனால் போனது என்று ஓரளவு அடையாளம் தெரியும். கீழே குச்சிக்கும் விண்பதியத்துக்கும் (மரத்தில் இருக்கும் கொம்பிலேயே வேர் வரவைத்து, பிறகு வெட்டி எடுப்பது) அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் செடிக்கு என்னவோ அதற்கு நேராகப் போய்விடலாம். முதல் பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள். பாதிச் சாவு அங்கேதான் நடக்கிறது.

இது சீமை அத்திக்கு எழுதியது. பூனா, தின்கர், டயானா, பிரவுன் டர்க்கி என்று நர்சரிகளில் விற்கிற, இலை விரல் விரித்தாற்போல இருக்கிற ரகங்கள். கிணற்றோரத்தில் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்தி வேறு மரம்.

கத்தியை எடுக்கும் முன் ஒன்று. அத்திப் பால் தோலில் பட்டு அதன்மேல் வெயிலும் பட்டால் தோல் வெந்துபோகும். உடனே தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துச் சிவந்து, சில பேருக்குக் கொப்புளமே கிளம்பும். கறுத்த தழும்பு மறைய வாரக்கணக்கில் ஆகும். நான் ஒரு நாள் உச்சி வெயிலில் அரைக்கைச் சட்டையோடு கவாத்து செய்தேன். மணிக்கட்டில் பால் வழிந்த கோடு அப்படியே கறுப்பாகப் பதிந்து, மாதம் முழுக்கப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. கையுறை போட்டு, சாயங்காலமாக வெட்டுங்கள். பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் கை வைக்காதீர்கள்.

குச்சி துளிர்த்தது, இலையும் விட்டது, பிறகு வாடிச் சாய்ந்தது

இரண்டாவது வருஷமும் இதே கதை நடந்தபோது ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு நர்சரிக்காரரிடம் போய்ப் புலம்பினேன்.

"அண்ணா, எல்லாமே துளிர்த்துச்சு. அப்புறம் ஒண்ணொண்ணா போயிடுச்சு."

"வேர் பாத்தீங்களா?"

"இலை வந்துச்சே?"

"இலை, குச்சி சேத்து வெச்ச சாப்பாட்டுல வருதுங்க. நீங்க ஊத்துற தண்ணியக் குடிக்க அதுக்கு இன்னும் வாயே வரலீங்களே."

முழு விஷயமும் அவ்வளவுதான். வெட்டிய குச்சிக்குள் மாவுச்சத்து சேமித்து வைத்திருக்கும். சூடு பட்டதும் அதைச் செலவழித்துக் கண் வெடித்து இலை விரியும். வேர் அதற்குப் பின்னால்தான், பெரும்பாலும் 3 முதல் 6 வாரத்தில் வரும். இடைப்பட்ட நாட்களில் இலை நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். கீழே உறிஞ்ச ஆள் கிடையாது. இலை லேசாகத் தொங்கியதும் நாம் தாகம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றுகிறோம். அடியில் காற்று போய்விடுகிறது, வேர் வர வேண்டிய இடம் அழுகுகிறது, இலை இன்னும் தொங்குகிறது, இன்னும் ஊற்றுகிறோம்.

சாய்ந்த குச்சி கையில் இருக்கிறதா? பிடித்து இழுத்துப் பார்க்காதீர்கள். நட்ட கப்பைக் கவிழ்த்து, நடவுக் கலவையோடு (என் கலவை என்ன என்று கீழே சொல்கிறேன்) உள்ளங்கையில் வாங்கி, விரலால் மெல்ல உதிர்த்து அடிமுனையைப் பாருங்கள்.

அடி கறுத்து, நகம் வைத்தால் கொழகொழவென்று உள்ளே போகிறது, சாக்கடை வாடை லேசாக அடிக்கிறது என்றால் அழுகல். உடனே தூக்கிப் போட வேண்டாம். கூரான கத்தரியால் அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் ஒரு சென்டிமீட்டராக மேலே வெட்டிக்கொண்டே வாருங்கள். வெட்டிய முகம் வெள்ளையாக, பட்டை ஓரம் பச்சையாக, பால் துளிர்க்கிற இடம் வந்தால் நிறுத்துங்கள். மிச்சத்தில் 2 கணுவாவது இருந்தால் இலையை எல்லாம் கிள்ளிவிட்டுப் புதுக் கலவையில் மறுபடி வைக்கலாம். பால் வரவே இல்லை, நடுவில் பழுப்புதான் என்றால் அது முடிந்த கதை.

அடி கெட்டியாக இருக்கிறது, பட்டையில் அரிசிக் குருணை மாதிரி வெள்ளைப் புள்ளிகள் புடைத்திருக்கின்றன என்றால் நல்ல செய்தி. அங்கேதான் வேர் கிளம்பப் போகிறது. இலை வாடுவது வெளிக்காற்றின் வறட்சியால். ஒரே ஒரு சின்ன இலையை விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிக் குச்சிமேல் கவிழ்த்து வையுங்கள். மூடி திருகியே இருக்கட்டும். உள்ளே ஆவி படிந்தால் போதும், ஊற்ற வேண்டியதில்லை.

எவ்வளவு ஈரம் என்பதற்கு என் அளவு: கலவையை ஒரு பிடி அள்ளிக் கொழுக்கட்டை பிடிக்கிற மாதிரி இறுக்குங்கள். உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஒரு சொட்டு எட்டிப் பார்க்கலாம். ஒழுகினால் அதிகம். இந்த ஈரத்தோடு நட்டால் முதல் 10 நாள் நான் தண்ணீரே விடுவதில்லை. அப்புறமும் மேல்மண்ணைத் தொட்டு முடிவு பண்ணக் கூடாது. நட்ட அன்று கப்பைக் கையில் தூக்கி அந்த எடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாதியாகக் குறைந்ததாகத் தோன்றும்போது ஓரமாக 2 ஸ்பூன்.

கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் டம்ளரில் நடச் சொல்வதும் இதற்காகத்தான். அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, வெளியே செய்தித்தாளைச் சுற்றி இருட்டாக்கி, வாரம் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். சுவரோரம் வெள்ளை வேர் தெரிகிற வரைக்கும் உங்களிடம் இருப்பது செடி இல்லை, ஜாடியில் வைத்த பூ மாதிரி ஒரு குச்சி.

குச்சியிலேயே குண்டுமணி அளவில் காய் பிடித்தால் சந்தோஷப்படாமல் கிள்ளிவிடுங்கள். அதுவும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் தின்கிறது.

மாதம் ஒன்றாகியும் அசையவே இல்லை

முதலில் நகத்தால் பட்டையைக் கீறுங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது, பொறுங்கள். பழுப்பாக, உலர்ந்து இருந்தால் போய்விட்டது.

உயிர் இருந்தும் அசையவில்லை என்றால், சிரிக்காதீர்கள், தலைகீழாக நட்டிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு ஒரு தடவை நடந்திருக்கிறது. இலை உதிர்ந்த தழும்பு அரைவட்டமாக இருக்கும். கண் அந்தத் தழும்புக்கு மேல் பக்கம் உட்கார்ந்திருக்கும். கண் கீழேயும் தழும்பு மேலேயும் தெரிந்தால் குச்சி தலைகீழ். இந்தக் குழப்பம் வராமலிருக்க வெட்டும்போதே அடியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், தலையைக் கணுவுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் மேலே நேராகவும் வெட்டும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த காரணம் குச்சியே சரியில்லாதது. பச்சையாக, வளைத்தால் வளைகிற நுனிக் கொம்பு வேண்டாம். அது வேர் விடுவதற்குள் அழுகும். சாம்பல் பழுப்பு ஏறிய, போன வருஷம் வளர்ந்த, பென்சிலைவிடக் கொஞ்சம் தடித்த கொம்பில் 15 முதல் 20 சென்டிமீட்டர், 3 அல்லது 4 கணு. கணுக்கள் நெருக்கமாக இருப்பது இன்னும் நல்லது.

பருவமும் உண்டு. மரம் ஓய்ந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில் கவாத்து செய்யும்போது எடுத்த குச்சிதான் சேமிப்பு நிறைந்தது. சித்திரை வெயிலில் நட்டால் கலவையே சுடும். 25 டிகிரியை ஒட்டி இருந்தால் வேருக்குச் சுகம். மொட்டைமாடித் தளத்தில் மே மாதம் அது கனவு. வீட்டுக்குள் ஜன்னல் ஓரமோ, மாடிப்படியின் அடியோ போதும். இலை வரும்வரை வெளிச்சம்கூடப் பெரிதாகத் தேவையில்லை.

தபாலில் வந்த குச்சி சுருங்கியிருந்தால், ஒரு ராத்திரி பக்கெட் தண்ணீரில் முழுக ஊறப்போட்டு, அடியை ஒரு விரற்கடை புதிதாக வெட்டி நடலாம்.

வேர் ஊக்கிப் பொடி போடாததால்தான் வரவில்லையோ என்று கேட்பார்கள். போட்டால் வேர் கொஞ்சம் சீக்கிரம், கொஞ்சம் அதிகம் வரும். போடாமலும் அத்தி வேர் விடும். அது அப்படிப்பட்ட மரம். தேன், பட்டைப் பொடி, கற்றாழை எல்லாம் உங்கள் திருப்திக்கு. தேனைத் தொட்டு நட்ட என் குச்சிகளை எறும்புகள் மிகவும் பாராட்டின.

குச்சியில் வெள்ளைப் பஞ்சு படர்கிறது

பூசணம். பையிலோ டப்பாவிலோ மூடி வைத்தவர்களுக்குத்தான் அதிகம் வரும். மேலாக இருந்தால் பயம் இல்லை. எடுத்து ஓடும் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, நிழலில் ஒரு மணி நேரம் உலரவிட்டு, முன்பைவிட ஈரம் குறைவான கலவையில் வையுங்கள். மூடியைத் தினமும் 5 நிமிஷம் திறந்து காற்றாட விடுங்கள். நடும் முன் குச்சியைச் சூடோமோனாஸ் (பூசணத்தை அடக்கும் நல்ல பாக்டீரியா, பொடியாக விற்கும்) கரைசலில் அரை மணி முக்குவது என் வழக்கம். லிட்டருக்கு 10 கிராம். மண்புழு உரமும் தொழு உரமும் இந்தக் கட்டத்தில் கலவையில் சேரவே கூடாது. வேரில்லாத குச்சிக்கு உரம் எதற்கு? சாப்பிடப் போவது பூசணம்தான்.

கொசு மாதிரி கறுப்புப் பூச்சி கலவையிலிருந்து கிளம்புகிறது

பறக்கிறது ஒன்றும் செய்யாது. அதன் புழு ஈரக் கலவைக்குள் இருந்து இளம் வேர் நுனியைக் கடிக்கும். மேலே இரண்டு விரற்கடை காய விடுங்கள், ஒரு படலம் மணல் தூவுங்கள், பக்கத்தில் பூச்சி ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் பசை அட்டை ஒன்று நட்டு வையுங்கள். இது வந்தாலே தண்ணீர் அதிகம் என்று கலவை நமக்கு எழுதிப் போட்ட கடிதம்.

இலை ஓரம் கருகுகிறது, நடு இலை பச்சையாகவே இருக்கிறது

உப்பு. கட்டியாக விற்கிற தென்னை நார்க்கழிவில் உப்பு இருக்கும். கழுவிப் பதப்படுத்தியது என்று அட்டையில் போட்டிருந்தாலும் நான் நம்புவதில்லை. கட்டியை ஊறவைத்து, துணியில் வடிகட்டி, மறுபடி ஊறவைத்து, வடிகிற தண்ணீர் டீ நிறம் போய்த் தெளிகிற வரை 3 அல்லது 4 தடவை கழுவுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் குச்சிக்கு மட்டுமாவது மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பயன்படுத்தலாம். ஒரு கப்புக்கு வாரம் முழுவதும் சேர்த்து அரை டம்ளர்கூட ஆகாது.

என் கலவை: கழுவிய நார்க்கழிவு 2 பங்கு, பெர்லைட் (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல்துகள்) 1 பங்கு. பெர்லைட் கிடைக்காவிட்டால் சலித்த செங்கல் ஜல்லித் துண்டு. எம்-சாண்ட் போடுவதாக இருந்தால் மாவு போகும்வரை அலசுங்கள். அந்த மாவு அடியில் இறங்கிச் சிமெண்ட் போல அடைத்துக்கொள்ளும்.

வேர் நன்றாக வந்தது, தொட்டி மாற்றியதும் செத்தது

அவசரம். கப்பின் சுவரில் முதல் வெள்ளை வேர் தெரிந்ததுமே மாற்றினால், அந்த வேர் சேமியா மாதிரி ஒடியும். வெள்ளை போய் லேசான பழுப்பு ஏறி, பக்க வேர் கிளைத்து, கப்பில் கலவை ஒரே உருண்டையாகக் கழன்று வருகிற வரை காத்திருங்கள். அந்த உருண்டையை உதறாமல், உடைக்காமல், அப்படியே இறக்குங்கள்.

இரண்டாவது தப்பு, எப்படியும் பெரிய மரம்தானே என்று நேராக 15 இன்ச் குரோ பேக்கில் வைப்பது. கைப்பிடி வேர், அண்டா நிறைய ஈர மண். மண் காயவே காயாது. மறுபடி முதல் பகுதியில் சொன்ன அழுகல்தான். 5, 6 இன்ச் தொட்டி, பிறகு 10, பிறகு பெரியது.

மூன்றாவது வெயில். மூடிக்குள் வளர்ந்த இலைக்கு வெளிக்காற்று தெரியாது. பாட்டில் மூடியை முதலில் கழற்றி 3 நாள், பாட்டிலைச் சாயங்காலம் ஒரு மணி நேரம் எடுத்து மறுபடி கவிழ்த்து, நேரத்தைக் கூட்டிக்கொண்டே போய் 10 நாளில் முழுக்க எடுங்கள். அதன் பின் காலை வெயில், அதன் பின்தான் முழு வெயில்.

இதைத் தாண்டி, நாலைந்து மாதம் நன்றாக வளர்ந்த செடி காரணமில்லாமல் நின்று, மத்தியானம் ஈரம் இருக்கும்போதே வாடினால் வேரைப் பாருங்கள். மணிமணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. அத்திக்கு இது பெரிய எதிரி. தக்காளி, கத்திரி வைத்திருந்த பழைய மண்ணை அத்திக்குப் போட்டால் வருகிற வினை. தொட்டிச் செடியைக் காப்பாற்ற மெனக்கெடுவதைவிட, நோயற்ற மேல்கிளையிலிருந்து குச்சி எடுத்துக்கொண்டு அந்த மண்ணை வெளியேற்றுவதே மேல்.

விண்பதியம் போட்டு இரண்டு மாதம், பிரித்தால் வேரே இல்லை

குச்சியைவிட விண்பதியம் நிச்சயமானது. வேர் வரும் வரைக்கும் தாய்மரம் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்கும். மேலே சொன்ன வாயில்லாத குழந்தைப் பிரச்சினை இங்கே இல்லை. அப்படியும் வேர் வரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் மோதிரத்தை.

கொம்பைச் சுற்றி 2 முதல் 3 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை மோதிரமாக எடுக்கிறோம். இலை சமைத்த சத்து பட்டை வழியாகத்தான் கீழே இறங்கும். பட்டையை எடுத்தால் அது மேல் விளிம்பில் தேங்கி நிற்கும். வேர் அந்த மேல் விளிம்பிலிருந்துதான் கிளம்பும். தண்ணீர் உள்கட்டை வழியாக ஏறுவதால் மேல்பகுதி வாடாது. பட்டையை உரித்த பிறகு கட்டைமேல் வழவழவென்று ஒரு ஈரப் படலம் இருக்கும். அதைச் சுரண்டாமல் விட்டால், மரம் அதிலிருந்து புதுப் பட்டையை வளர்த்து மேலும் கீழும் பாலம் போட்டுவிடும். சத்து பழையபடி இறங்கிவிடும், வேருக்கு வேலையே இல்லை. பிரித்துப் பார்த்தால் காயம் அழகாக ஆறியிருக்கும். மரத்துக்கு வைத்தியம் பார்த்ததாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிளேடின் முதுகால், வழவழப்புப் போய்க் கட்டை சொரசொரவென்று ஆகும்வரை சுரண்டுங்கள். பால் வழிந்துகொண்டே இருக்கும்; ஈரத் துணியால் துடைத்து, 10 நிமிஷம் பொறுத்து, பால் நின்றதும் ஈரமான நார்க்கழிவையோ ஸ்பாக்னம் பாசியையோ உருண்டையாக வைத்து, பிளாஸ்டிக் சுற்றிக் கட்டுங்கள்.

பாலம் விழுந்திருந்தால் அதே இடத்தில் மறுபடி சுரண்டிக் கட்டலாம். பாலம் இல்லை, மேல் விளிம்பில் வெள்ளையாக மேடு தட்டியிருக்கிறது, வேர் மட்டும் இல்லை என்றால் எல்லாம் சரியாகப் போகிறது என்று அர்த்தம். நனைத்து மறுபடி கட்டிவிட்டு இன்னும் 3 வாரம் கொடுங்கள். ஆடி, ஆவணி ஈரக்காற்றில் எனக்கு 5, 6 வாரத்தில் வேர் வந்துவிடுகிறது. பங்குனியில் போட்டது இதன் இரட்டை நாள் எடுத்தது.

மோதிரம் எடுத்த அன்றே மேல்கிளை வாடிவிட்டது

கத்தி பட்டையோடு நிற்காமல் கட்டைக்குள் இறங்கிவிட்டது. அந்தக் கிளையை வெட்டி, இலையை எல்லாம் கிள்ளி, குச்சிகளாக்கி நட்டுவிடுங்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து மேல் இலை சற்றே மஞ்சளிப்பது வேறு விஷயம், அது இயல்பு.

உருண்டை காய்கிறது, நாறுகிறது, அல்லது காணாமலே போகிறது

தண்ணீர் உள்ளே போகக் கூடாத இடம் மேல் கட்டு. அங்கே இறுக்கமாக, கொம்போடு ஒட்டி, நாலு சுற்று. மழைத் தண்ணீர் கொம்பு வழியாக வழிந்து உள்ளே தேங்கினால் இரண்டே வாரத்தில் நாற்றம். அடியில் ஊசியால் இரண்டு ஓட்டை குத்தி வைத்தால் தப்பிக்கலாம். காய்கிற பிரச்சினை இருந்தால், பிரிக்காமல் மருத்துவ ஊசியால் ஓரத்தில் 10 மில்லி தண்ணீர் ஏற்றுங்கள்.

தெளிந்த பிளாஸ்டிக்கை மட்டும் சுற்றி வெயிலில் விட்டால் உள்ளே வேர் வேகும். அதன்மேல் அலுமினியத் தாள் சுற்றுங்கள். வேர் பார்க்க வேண்டுமானால் தாளை மட்டும் கழற்றிப் பார்த்துத் திரும்ப மூடலாம்.

காணாமல் போனால் அணில். எங்கள் மாடியில் ஒரு காலையில் பார்த்தேன்: பிளாஸ்டிக்கின் ஒரு முனையைப் பல்லால் கிழித்து, முன்னங்கால் இரண்டாலும் நாரை உருவி உருவி, வாய் கொள்ளாமல் மீசை மாதிரித் தொங்கவிட்டுக்கொண்டு, ஏசி வெளிப்பெட்டிக்குப் பின்னால் ஓடியது. மூன்று உருண்டை அதன் கூட்டுக்குப் போனது. அலுமினியத் தாளுக்கு மேல் பழைய காடாத் துணியைச் சுற்றித் தைத்த பிறகுதான் விட்டது. எறும்பு குடியேறினால் ஒன்றும் செய்யாதீர்கள் என்று சிலர் சொல்வார்கள். எறும்பு தன்னோடு மாவுப்பூச்சியையும் கூட்டிவரும். உருண்டையின் கீழே கொம்பில் ஒரு பட்டையாக வாஸ்லின் தடவுங்கள்.

ஆடியில் பதியம் போடுகிறவர்களுக்கு இன்னொன்று. அம்மியே பறக்கும் காற்றில், மோதிரம் எடுத்த கொம்பு எம்மாத்திரம்? மோதிரத்துக்கு மேலும் கீழும் சேர்த்து ஒரு மூங்கில் குச்சியை வைத்துக் கட்டிவிடுங்கள்.

வேரோடு வெட்டி எடுத்த பதியம் தொட்டியில் வாடுகிறது

உருண்டைக்குள் 3, 4 வேர் தெரிந்ததும் வெட்டியிருப்பீர்கள். அந்தக் கொம்பில் 10 இலை இருந்திருக்கும். கணக்கு இடிக்கிறது. வேர் உருண்டை முழுக்கச் சுற்றி, பிளாஸ்டிக்கைத் தொட்டு, பழுப்பாகும்வரை காத்திருக்க வேண்டும். வெட்டியாகிவிட்டது என்றால் இலையில் பாதியைக் கிள்ளுங்கள், பெரிய இலைகளைக் குறுக்கே பாதியாக நறுக்குங்கள், காயை எல்லாம் எடுங்கள், முழு நிழலில் வைத்து மேலே பெரிய பாலிதீன் பையால் கூடாரம் போடுங்கள். இரண்டு வாரத்தில் புதுத் துளிர் வந்தால் பிழைத்தது. பிளாஸ்டிக்கைக் கழற்றாமல் அப்படியே நட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அதையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இலை சரியில்லை

மஞ்சள் திட்டுத்திட்டாக, எண்ணெய்க் கறை மாதிரி, இலை கோணலாக வந்தால் தேமல் நோய், வைரஸ். தாய்மரத்திலிருந்தே வந்திருக்கும், மருந்து கிடையாது. நல்ல வீரியமுள்ள செடி இதோடு வாழ்ந்து காய்க்கவும் செய்யும். ஆனால் அதிலிருந்து குச்சி எடுத்து யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இலைக்கு அடியில் மஞ்சள் பழுப்புப் பொடி, மழைக்காலத்தில் இலை கொட்டுகிறது என்றால் துரு நோய். விழுந்த இலையைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். இலையில்லாத குச்சிக்கு இதனால் தடையில்லை.

இலை விரலாகப் பிரியாமல் மாவிலை போல முழுசாக, வழவழப்பாக வருகிறதா? முதல் இரண்டு மூன்று இலை சீமை அத்தியிலும் முழுசாக வரலாம், ஆனால் தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். பத்தாவது இலையும் வழவழவென்று இருந்தால் உங்கள் குச்சி ஒட்டுக்குக் கீழே கிளைத்த கொம்பு. நூற்புழுவைத் தாங்கும் என்பதால் நாட்டு அத்தியை வேர்ச்செடியாக வைத்துச் சீமை அத்தியை ஒட்டுவது உண்டு. அந்த மரங்களில் ஒட்டுத் தழும்புக்கு மேலிருந்துதான் குச்சி எடுக்க வேண்டும்.

காய் பிடிக்கிறது, பழுக்காமல் உதிர்கிறது

முதல் வருஷக் காய் உதிர்ந்தால் விட்டுவிடுங்கள், செடி சின்னது. ஒரு நாள் காய்ந்து மறுநாள் வெள்ளமாக ஊற்றினாலும் உதிரும். மூன்றாவது, நாலாவது வருஷமும் ஒன்றுவிடாமல் எல்லாக் காயும் கோலிக்குண்டு அளவில் சுருங்கி விழுந்தால், குச்சி கொடுத்தவரிடம் அவருடைய மரம் எப்படி வந்தது என்று கேளுங்கள். கடையில் வாங்கிய உலர் அத்தியின் விதையைப் போட்டு முளைத்தது என்றால் விடை கிடைத்துவிட்டது. துருக்கியிலிருந்து வரும் உலர் அத்தியில் பெரும்பகுதி, குளவி உள்ளே புகுந்து மகரந்தம் சேர்த்தால்தான் பழுக்கும் ரகம். அதன் விதையில் முளைப்பதில் பாதி ஆண் மரம். பெண் மரமாக அமைந்தாலும் அந்தக் குளவி நம் ஊரில் இல்லை. அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்கிறார்களே, அது நாட்டு அத்திக்குள் வாழும் வேறு குளவி. சீமை அத்தியை எட்டிக்கூடப் பார்க்காது. பூனா, பிரவுன் டர்க்கி மாதிரி ரகங்கள் குளவியே இல்லாமல் பழுக்கும்.

இந்த நிலையில் மரத்தைப் பிடுங்க வேண்டாம். வேர் நன்றாக ஓடியிருக்கும். தை மாதம் கவாத்து செய்துவிட்டு, பழுத்துச் சாப்பிட்டுப் பார்த்த ஒரு மரத்திலிருந்து கொம்பு வாங்கி அதன்மேல் ஒட்டுக் கட்டுங்கள். கூடவே அதே கொம்பில் மிஞ்சுகிற துண்டுகளை 2 கப்பில் நட்டு மாடிப்படிக்கு அடியில் வைத்துவிடுங்கள்.